பழவேற்காட்டுக்கு ஒரு சவாரி

சென்னைவாசிகளின் விடுமுறை நாட்களெல்லாம் தெற்குத் திசையிலேயே செலவாகின்றன. ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்ததும் மாமல்லபுரத்துக்கும், அதற்கு அப்பால் புதுச்சேரிக்கும் வண்டிகள் சாரி சாரியாகக் கிளம்பிவிடுகின்றன. வடக்கே புறப்படுகிறவனைக் கண்டால், "என்ன, உத்தியோக விஷயமா?" என்று கேட்கிறார்கள். வடக்கு என்றால் அனல் மின் நிலையம், லாரிப் புழுதி, எண்ணெய் நாற்றம் என்பதே பொது ஜன அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் புழுதியைத் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம் பொறுமையுடன் செல்கிறவர்களுக்கு, வானமும் நீரும் எங்கே கூடுகின்றன என்று சொல்ல முடியாத ஓர் அற்புதப் பிரதேசம் காத்திருக்கிறது.

சமீப காலத்தில் அந்தப் பிரதேசத்தைக் கண்டுபிடித்திருப்பவர்கள் மோட்டார் சைக்கிள் பிரியர்கள். சனி, ஞாயிறுகளில் ஐந்தாறு பேராகச் சேர்ந்து, தலைக்கவசமும் கையுறையும் தரித்து, யுத்தத்துக்குக் கிளம்பும் வீரர்களைப் போல் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குச் செல்கிறார்கள். தார்ச் சாலை இவர்களுக்கு இரண்டாம் பட்சம். சாலை எங்கே முடிகிறதோ அங்கேதான் இவர்களுடைய ஆனந்தம் ஆரம்பமாகிறது. மணல் மேடு, உப்புச் சதுப்பு, கோடையில் வற்றிய ஏரிப் படுகை எல்லாவற்றின் மீதும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதே இந்த வித்தை.

"அங்கே ஒன்றுமே இல்லை, ஸார்! ஒரே வனாந்தரம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வண்டியை விடலாம்" என்றார், இந்த வித்தையில் தேர்ந்த நம்முடைய பழைய மாணவர் ஒருவர்.

"ஒன்றுமே இல்லை" என்ற அந்த வார்த்தைதான் நம்மைக் கிளப்பியது. உலகத்தில் ஒன்றுமே இல்லாத இடம் என்று ஒன்று உண்டா? அதிலும், நானூறு ஆண்டுகளாகப் பல தேசத்தார் போட்டி போட்டுக்கொண்டு வந்து இறங்கிய கரையில்? தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நமது பள்ளிக்கூடத்துச் சரித்திர ஆசிரியரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, இந்தக் கேள்விக்கு விடை காணப் புறப்பட்டோம்.

வழி

திருவொற்றியூரிலிருந்து கிளம்பினோம். மோட்டார் சைக்கிள் யாத்திரைக்கு இதைவிடப் பொருத்தமான ஆரம்ப ஸ்தலம் கிடையாது. 'புல்லட்' என்று பட்டி தொட்டியெல்லாம் பெயர் பெற்ற வண்டி இந்தியாவில் பிறந்தது இந்த ஊரில்தான். 1954-ஆம் ஆண்டில் நமது ராணுவம் எல்லைக் காவலுக்காக ராயல் என்ஃபீல்டு புல்லட் வண்டிகளை வாங்கத் தீர்மானித்தது. அதைத் தொடர்ந்து 1955-இல் திருவொற்றியூரில் தொழிற்சாலை ஏற்பட்டது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்ட பிறகும் இங்கே 'டப் டப்' என்ற சப்தம் நிற்கவில்லை. பிற்காலத்தில் ஓரகடம், வல்லம் வடகால் என்று தென்மேற்கே புதிய தொழிற்சாலைகள் எழும்பின. ஆக, தெற்கு மோகம் மனிதர்களோடு நிற்கவில்லை. மோட்டார் சைக்கிளையும் பிடித்துக்கொண்டது போலும்!

திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையில் மணலி புதுநகர் வரையில் கனரக லாரிகளுடன் நாம் நடத்திய சமாதானப் பேச்சு வார்த்தைகளை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. வடகாஞ்சி என்று சிறப்பிக்கப்படும் மீஞ்சூரைத் தாண்டிய பிறகு லாரிகள் குறைந்தன, வயல்கள் தோன்றின. சம்பா நெல் தலை சாய்த்து நின்றது. சில வயல்களில் அறுவடை முடிந்து, தாளடியில் கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன.

பொன்னேரியில் காலைப் பலகாரம். ஆரணியாற்றங்கரையில் உள்ள இந்த ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. இங்கே அகத்தீசுவரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் வீதியில் நேருக்கு நேர் சந்தித்துக்கொள்ளுகிறார்கள். ஹரிஹர சந்திப்பு என்று இத்திருவிழாவுக்குப் பெயர். சைவரும் வைஷ்ணவரும் சண்டையிட்ட காலங்களை எல்லாம் கண்ட தமிழ்நாட்டில், இரு தெய்வங்களும் தாமே புறப்பட்டு வந்து சமரசம் பேசும் ஊர் என்றால், அதைக் கும்பிட்டு விட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு ஏறக்குறைய 18 கிலோமீட்டர். வழியில் திருப்பாலைவனம் என்ற ஊரும் அதன் பழைய சிவாலயமும் இருக்கின்றன. அதற்கு அப்பால் வயல்கள் மெள்ள மெள்ள மெலிகின்றன. பனை மரங்கள் கூடுகின்றன. காற்றில் உப்பு வாசனை ஏறுகிறது. திடீரென்று இரு புறமும் தரை தாழ்ந்து தண்ணீர் பளபளக்கிறது. "வந்துவிட்டோம்" என்று சரித்திர ஆசிரியர் முதுகில் தட்டினார். ஆனால் எந்த இடத்தில் நிலம் முடிந்தது, எந்த இடத்தில் ஏரி தொடங்கியது என்று கேட்டால் அவராலும் சொல்ல முடியாது, நம்மாலும் முடியாது.

பழைய வேலங்காடு

வேல மரங்கள் நிறைந்த பழைய காடு என்பதால் பழவேற்காடு என்று பெயர் வந்ததாகச் சொல்லுகிறார்கள். வெள்ளைக்காரன் நாவில் அது 'புலிக்கட்' ஆகிவிட்டது. ஒரிஸ்ஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடி, இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். மழைக் காலத்தில் சுமார் 450 சதுர கிலோமீட்டருக்கு விரியும். கோடையில் சுருங்கிப் பல இடங்களில் வெடித்த சேறாகக் காட்சி தரும். ஏரியின் பெரும் பகுதி ஆந்திர தேசத்தில் இருக்கிறது. தெற்கு முனை மட்டும் நம்முடையது. இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் எவ்வளவு தெரியுமோ? ஒரு மீட்டர்தான்! பல இடங்களில் நடுத்தர உயரமுள்ள மனிதன் இடுப்பளவு நீரில் நடந்தே போய்விடலாம்.

ஆழமில்லை என்று அசட்டை செய்யலாகாது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் தினத்தன்று, உல்லாசப் படகொன்று இங்கே கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். முகத்துவாரத்தின் அருகில் நீரோட்டம் எப்படிப்பட்டது என்பது வருகிறவனுக்குத் தெரியாது, வாழ்கிறவனுக்குத்தான் தெரியும்.

ஊருக்குள் நுழைந்ததும் சரித்திர ஆசிரியர் வண்டியிலிருந்து குதித்துவிட்டார். அவரைத் தடுக்க யாராலும் ஆகாது. நேரே டச்சுக்காரர் மயானத்துக்கு அழைத்துப் போனார். வாயிலின் இரு புறமும் கல்லில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே கருங்கல் பலகைகளில் பூவேலையும் வம்ச முத்திரைகளும் வேற்று மொழி எழுத்துக்களும் நேற்றுச் செதுக்கியவை போல் துலக்கமாக இருக்கின்றன. தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் உள்ள இடம் இது. ஆனால் அந்த வியாபாரிகளின் கோட்டை எங்கே என்று தேடினால், அகழியின் அடையாளமும் புதர் மண்டிய மேடுமே மிஞ்சுகின்றன. கல்லறை நிலைத்தது, கோட்டை நிலைக்கவில்லை. இதைவிடச் சுருக்கமாகச் சரித்திரம் பாடம் சொல்ல முடியாது.

அந்தக் கதை இதுதான். போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டிலேயே இங்கே வந்து சேர்ந்தனர். பிறகு 1610-இல் டச்சுக்காரர் விஜயநகர அரசரின் அனுமதி பெற்று இங்கே ஊன்றினார்கள். 1613-இல் கெல்டிரியா என்ற கோட்டை எழும்பியது. 1690 வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகரம் பழவேற்காடுதான். 1626-இல் ஆங்கிலேயர் இந்த ஏரியின் வடகோடிக்கு அருகில், துர்க்கராஜப்பட்டினத்தில் ஒரு சிறு பண்டகசாலை வைத்துப் பார்த்தார்கள். அங்கே பிழைப்பு சரிப்படாமல் தெற்கே இடம் தேடியவர்கள், 1639-இல் ஒரு மணல்வெளியைப் பிடித்தார்கள். அந்த மணல்வெளிதான் இன்று நாம் வசிக்கும் சென்னை. ஆகவே பழவேற்காடு சென்னையின் புறநகரன்று. சென்னையை விட மூத்த ஊர்.

வந்தவர்கள் எதற்காக வந்தார்கள்? நமது நெசவாளிகளின் துணிக்காக. சோழமண்டலத் துணியைக் கொண்டு போய்க் கொடுத்துத்தான், கீழ்த்திசைத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் மிளகும் வாங்கினார்கள். மலாய் நாட்டில் கட்டம் போட்ட கைலிக்குக் 'கைன் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது வேறு எதுவுமில்லை, நம் பழவேற்காடுதான்! துணியோடு நின்றிருந்தால் பெருமையாக இருக்கும். ஆனால் பஞ்சத்திலும் யுத்தத்திலும் கதியற்றுப் போன நம் ஜனங்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியதும் இதே துறையில்தான். கோட்டைக்குள் வெடிமருந்தும் செய்தார்கள். 1825-இல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். போனவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. கப்பலேற்றப்பட்டவர்களின் பெயர்கள் எங்கே? சரித்திர ஆசிரியர் வெகு நேரம் பேசாமல் நின்றார். நாமும் நின்றோம்.

மணலில்

ஊரிலிருந்து ஏரியைக் கடக்க ஒரு பாலம் இருக்கிறது. பாலத்துக்கு அப்பால் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்ட மணல் திட்டு. அதில் வரிசையாக மீனவர் குப்பங்கள். கலங்கரை விளக்கு இருப்பதனால் லைட் ஹவுஸ் குப்பம் என்றே பெயர் பெற்ற ஊர், அரங்கங்குப்பம், கூனங்குப்பம், சாத்தாங்குப்பம், வைரவன்குப்பம் என்று பெயர்கள். நம் பழைய மாணவரும் அவருடைய கூட்டத்தாரும் கொண்டாடும் இடம் இந்த மணல்தான்.

மணலில் வண்டி ஓட்டுவதற்கும் சாலையில் ஓட்டுவதற்கும் சம்பந்தமே கிடையாது. சக்கரத்தின் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் டயர் அகன்று, மணலைப் பிளக்காமல் அதன் மேல் மிதக்கும். இரண்டாவது கியரில் ஒரே சீராக விசை கொடுக்க வேண்டும். உடம்பைச் சற்றுப் பின்னே சாய்க்க வேண்டும். முன் சக்கரம் தன்னிஷ்டப்படி அலைந்தால் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கலாகாது. முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். நிறுத்தும்போது தாங்கு காலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டோ தட்டையான கல்லோ வைக்காவிட்டால், திரும்பி வருவதற்குள் வண்டி சாஷ்டாங்க நமஸ்காரம் செய்துவிடும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டாவிட்டால் உப்புக் காற்று சங்கிலியைத் தின்றுவிடும். இத்தனை சாஸ்திரமும் நாம் மாணவரிடம் கற்றவை. குருவை மிஞ்சிய சிஷ்யன் என்று மகிழ்ந்தோம்.

இந்த விளையாட்டில் ஓர் உற்சாகம் இருப்பதை மறுப்பதற்கில்லை. கடற்காற்று முகத்தில் அடிக்கிறது. ஒரு பக்கம் வங்கக் கடல் முழங்குகிறது. மறு பக்கம் ஏரி மௌனமாகக் கிடக்கிறது. மனிதன் இரண்டு சக்கரத்தின் மேல் சமுத்திரக் கரையோரம் பறக்கும்போது, வாரம் முழுவதும் சாக்குக் கட்டியும் கணக்கு நோட்டுமாகக் கழித்த வாழ்க்கை வெகு தூரத்தில் போய்விடுகிறது. இளைஞர்கள் இதை நாடுவதில் வியப்பில்லை. வீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதை விட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் ஒரு விஷயம். தை, மாசி, பங்குனி மாதங்களில் இதே மணலுக்குக் கடலிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். பங்குனி ஆமை என்று மீனவர் அழைக்கும் ஆமை, இரவில் கரையேறிக் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போகிறது. சுமார் ஒன்றரை மாதங் கழித்துக் குஞ்சுகள் வெளிவந்து கடலை நோக்கி ஓடுகின்றன. விரல் நீளமுள்ள அந்தக் குஞ்சுக்கு, கனத்த சக்கரம் பதித்த தடம் ஒரு பெரும் பள்ளத்தாக்கு. ஏற மாட்டாமல் அதற்குள்ளேயே ஓடி ஓடிக் களைத்து, காக்கைக்கும் நாய்க்கும் இரையாகிறது. ஒன்றுமே இல்லாத மணல் அன்று அது.

பாடு

கரையோரத்தில் ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் அருகில் உட்கார்ந்தோம். ஏரிக்குள் வரிசையாகக் கம்புகள் நட்டிருந்தன. "இந்தக் கம்புகள் என்ன, ஐயா?" என்று கேட்டோம்.

"வலை கட்டுற இடமுங்க, ஸார். இறால் பாடு. இன்னிக்கு எங்க முறை இல்லை, அதான் உக்காந்திருக்கேன்" என்றார்.

அதன் பிறகு அவர் விளக்கிய செய்தி, படித்தவர்கள் பலருக்கும் புதிது. ஏரியில் இறால் போகும் ஓடைகள் இவை, வலை கட்ட ஏற்ற இடங்கள் இவை என்று மீனவர் தலைமுறை தலைமுறையாக அளந்து வைத்திருக்கிறார்கள். இப்படி அளக்கப்பட்ட இடத்துக்கும், அதில் மீன் பிடிக்கும் முறைக்கும் 'பாடு' என்றே பெயர். எல்லா இடமும் ஒரே மாதிரி விளைவதில்லை. ஆகவே யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். ஒரு நாள் நல்ல இடம் கிடைத்தவனுக்கு மறு முறை சுமாரான இடம் வரும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களிலும் இம்முறை பேர் பெற்றது. வலியவன் ஒருவனே நல்ல ஓடையைப் பிடித்துக்கொண்டு தினம் தினம் சம்பாதிப்பதற்கு இதில் வழியில்லை.

"கடல் பெரிசுங்க, யாரு வேணா போகலாம். ஏரி சின்னது. சின்ன இடத்துல முறை வெச்சாத்தான் எல்லார் வீட்டிலயும் அடுப்பு எரியும்" என்றார் பெரியவர்.

பொருளாதார சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவர்கள் பெரிய புத்தகங்களில் விவாதிக்கும் விஷயத்தை, வலை ஊசியைக் கீழே வைக்காமலே அவர் சொல்லி முடித்துவிட்டார். 'பாடு' என்ற சொல்லுக்குத் தமிழில் உழைப்பு என்றும் கஷ்டம் என்றும் பொருள் இருக்கிறது; கிடைத்த மீனுக்கு 'மீன்பாடு' என்கிறோம். இங்கே அதுவே நியாயத்துக்கும் பெயராக இருக்கிறது.

இந்த நியாயத்துக்குள் எல்லோரும் அடங்கிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பாடு என்பது பரம்பரை மீனவ சமூகத்தாரின் உரிமை. அதில் இடம் பெறாத மற்றவர்களுக்கு மனக்குறை உண்டு, வழக்குகளும் உண்டு. இருளர் குலப் பெண்கள் வலையோ படகோ இல்லாமல், ஆழமற்ற நீரில் ஊர்ந்து, சேற்றைக் கையால் துழாவி, பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். அவர்களுக்கு ஓரத்துச் சேறும் சதுப்பும்தான் வயல். கோடையில் வற்றிய ஏரிப் படுகை என்று நாம் வண்டி விடுகிற இடமும் அதுதான். இங்கே 'யாருடையதும் அல்லாத' நிலம் ஒரு முழங்கூடக் கிடையாது. வேலியில்லை என்பதனால் சொந்தமில்லை என்று ஆகிவிடுமா?

கதவு

பழவேற்காட்டு ஏரிக்கு ஒரு கதவு உண்டு. கடலுக்கும் ஏரிக்கும் இடையே மணலில் திறந்திருக்கும் முகத்துவாரம் அது. ஏரியின் உயிர் முழுவதும் அந்தக் கதவில்தான் இருக்கிறது. இறால் கடலில் முட்டையிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் அலையோடு முகத்துவாரத்தின் வழியாக ஏரிக்குள் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த நீரில் வளர்கின்றன. பெரிதானதும் மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் கொடுவாயும் நண்டும் இப்படியே கதவைப் பார்த்து வாழ்பவை. கதவு அடைபட்டால் கோடையில் ஏரி நீர் கடலை விட அதிகமாக உப்பேறிவிடும்; குஞ்சுகள் வருவதும் நின்றுவிடும். படகுகளுக்கும் கடலுக்குப் போக வழியில்லாமல் போகும்.

இந்தக் கதவு மணலால் தூர்ந்து தூர்ந்து போவதே இன்று இவ்வூர்களின் பெரிய கவலை. ஜனங்கள் தாங்களே கைக்காசு போட்டு மண்ணை வெட்டித் திறந்த காலங்கள் உண்டு. முகத்துவாரத்தில் கற்சுவர்கள் எழுப்பி அதை நிரந்தரமாகத் திறந்து வைக்கும் பணியை அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு மேற்கொண்டது. நல்ல காரியம்.

கவலை அதோடு தீர்ந்ததா? இல்லை. நம் கிழக்குக் கரையில் மணல், ஆண்டின் பெரும் பகுதியில், தெற்கிலிருந்து வடக்கே பிரயாணம் செய்துகொண்டே இருக்கிறது. குறுக்கே ஒரு சுவர் கட்டினால், சுவருக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபோது நாம் இந்தப் பாடத்தைக் கற்றோம். துறைமுகத்துக்குத் தெற்கே மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே ராயபுரத்துக் கரையைக் கடல் தின்றது. மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டு நாம் அநுபவிக்கும் விசாலம், வடசென்னை கொடுத்த விலை. பிறகு 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. இப்போது அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர். 2013-இல் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. அதைப் பன்மடங்கு விஸ்தரிக்கும் யோசனை எழுந்தபோது, பழவேற்காட்டு மீனவர் திரண்டு எதிர்த்ததன் காரணம் இந்த மணல் கணக்குத்தான். கதவுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே உள்ள மணல் திட்டு கரைந்தால், கடலும் ஏரியும் ஒன்றாகிவிடும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். தேசத்துக்குத் துறைமுகம் வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ராயபுரத்தாரைக் கேளாமல் கட்டியது அந்நிய ஆட்சி. சுயராஜ்யத்தில் பழவேற்காட்டாரைக் கேட்டுத்தான் கட்ட வேண்டும் என்கிறோம்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே வடக்கில் ஸ்ரீஹரிகோட்டைத் தீவு இருக்கிறது. ஒரு காலத்தில் சென்னை நகரத்து அடுப்புகளுக்கு அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் படகில் விறகு வந்தது. 1969-இல் அத்தீவு ராக்கெட் தளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1980 ஜூலை 18-இல் நமது சொந்த ராக்கெட் நமது சொந்தக் கோளை ஏந்திச் சென்றதும், 2023 ஜூலை 14-இல் சந்திரயான் மூன்று புறப்பட்டதும் இந்த ஏரியின் கரையிலிருந்துதான். அந்தப் பெருமையில் குப்பத்து மீனவருக்கும் பங்கு உண்டு. எப்படி என்றால், ராக்கெட் விடும் நாளில் அவர்கள் கடலுக்குப் போவதில்லை. ஒரு நாள் கூலியைத் தேசத்துக்குக் கொடுக்கிறார்கள். சந்திரனை எட்டிய கதையை எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதினால் என்ன?

செந்நிற விருந்தாளிகள்

மாலை சாயும் முன் அண்ணாமலைச்சேரிப் பக்கம் சென்றோம். வடகிழக்குப் பருவ மழை ஓய்ந்து நீர் தெளிந்திருக்கும் இந்த மாதங்களில்தான் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து கூடுகின்றன. தூரத்தில் முதலில் ஒரு வெளிர்ச் சிவப்புக் கோடு தெரிந்தது. அந்திச் சூரியன் நீரில் பட்டதோ என்று நினைத்தோம். கோடு அசைந்தது. நீண்ட கால்களில் நின்று, நீண்ட கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்திச் சேற்றை அரித்துத் தின்னும் பட்சிகள்! உண்ணும் பாசியிலும் நுண்ணிய உயிர்களிலும் உள்ள சாயமே இறகில் ஏறிச் சிவக்கிறதாம். 1980-இல் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

அந்தச் சமயத்தில், நமக்கு நெடுந்தூரத்துக்கு அப்பால், நாலைந்து வண்டிகள் சேற்றுவெளியில் இறங்கிப் பறவைகளை நோக்கி முழங்கிக்கொண்டு பாய்ந்தன. கூட்டம் முழுவதும் ஒரே கணத்தில் எழுந்தது. இறகின் உட்புறத்துச் செந்நிறமும் கருநிறமும் வானத்தில் விரிந்தன. படம் பிடிக்கிறவர்களுக்கு இது மகத்தான காட்சிதான். ஆனால் பூநாரை நின்ற இடத்திலிருந்து குபீரென்று பறக்கக்கூடிய பட்சி அல்ல. நீரின் மேல் பல அடி தூரம் ஓடி, மூச்சு வாங்கித்தான் எழ வேண்டும். நாள் முழுதும் சேற்றை அரித்துச் சேர்த்த பலத்தை நம்முடைய ஒரு படத்துக்காகச் செலவழிக்கிறது. பறவை எழுந்த இடத்தில் சேற்றில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்த சிலரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு குனிந்து தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

போகிறவர்களுக்கு

இவ்வளவும் சொன்னதனால், நேயர்கள் பழவேற்காட்டுக்குப் போகலாகாது என்று நாம் தடை விதிப்பதாக எண்ணிவிட வேண்டாம். போக வேண்டும், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். நம் நாட்டை நாம் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்? கார்த்திகை முடிந்த பிறகு, மாசி வரையில் நல்ல காலம். பொன்னேரி வரையில் மின்சார ரயிலிலும், அங்கிருந்து பஸ்ஸிலும் போகலாம். மோட்டார் சைக்கிள் இருந்தால் அதிலும் தாராளமாகப் போகலாம். சாலை இருக்கும் வரையில் ஓட்டுங்கள். சாலை முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, பூட்டிவிட்டு நடவுங்கள். அந்த ஒரு கிலோமீட்டர் நடையில், வண்டியில் பத்து கிலோமீட்டர் ஓடியும் தெரியாத விஷயங்கள் தெரியவரும். நண்டு வளையின் வாயில் உருட்டி வைத்திருக்கும் மணல் உருண்டைகள் தெரியும். நீரில் நட்ட கம்புகள் தெரியும். வலை பின்னும் பெரியவர் தெரிவார்; அவரோடு பேசத் தோன்றும்.

ஊருக்குள் பனை ஓலைப் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்மணிகள் இருக்கிறார்கள். வர்ண ஓலையில் அவர்கள் செய்யும் பெட்டி ஒன்றை வாங்கினால், வீட்டுக்கு அழகு, அவர்களுக்கு ஆதரவு. இறாலோ நண்டோ தின்கிறவர்கள் கரையிலேயே வாங்கலாம். கண்ட படகில் ஏறலாகாது. மீனவரிடம் கேட்காமல் நீரில் இறங்கவும் கூடாது.

நமது பழைய மாணவரிடம் இதையெல்லாம் சொன்னோம். "அப்படியானால் மணலில் ஓட்டவே கூடாதா, ஸார்?" என்று சற்று ஏமாற்றத்துடன் கேட்டார். அந்த வித்தை அவருக்கு மறக்க வேண்டியதில்லை. அதற்கென்று ஒதுக்கிய மைதானங்களில் பழகட்டும், பந்தயத்தில் ஜயிக்கட்டும். ஆனால் ஓர் இடத்தை "ஒன்றுமே இல்லை" என்று சொல்லுமுன், அங்கே வாழ்கிறவர்களை ஒரு முறை விசாரித்துவிட வேண்டும். அந்த வார்த்தை சாமானியமானதல்ல. கோட்டை கட்ட வந்தவர்கள் இந்தக் கரையை ஒரு சரக்குத் துறையாகத்தான் கண்டார்கள். துறைமுகத் திட்டம் தீட்டுகிறவர்களின் வரைபடத்தில் இது வெறும் கோடுகளுக்கு நடுவே உள்ள வெள்ளைக் காகிதம். ஞாயிற்றுக்கிழமை வருகிறவனுக்கு விளையாட்டு மைதானம். பாடு முறை வைத்து ஒவ்வோர் ஓடைக்கும் ஒவ்வொரு நாளைக்கும் கணக்குச் சொல்லி வாழ்கிறவர்களுக்கு மட்டுமே அது ஊர்.

மாணவர் சிறிது யோசித்தார். "அடுத்த வாரம் நாங்கள் ஆறு பேர் போகிறோம், ஸார். பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பார்க்கிறோம்" என்றார். போகட்டும். பெரியவருக்கு அன்று முறை இல்லாவிட்டால், பேசுவதற்கு அவர் கரையிலேயே இருப்பார்.